செயினை இறுக்க இறுக்கத் தொங்குது: செட் மாத்தணுமா, ஹப் ரப்பரா?

பழையகாயல்காரன்

வணக்கம். அப்பா ஓட்டிட்டு இருந்த 110 சிசி பைக் இப்போ என்கிட்ட இருக்கு. நாலு கியர், பின்னாடி டிரம் பிரேக், செயினுக்கு முழு மூடி. மீட்டர் 24,000 கிமீ தாண்டியாச்சு. தினமும் முள்ளக்காடு வழியா தூத்துக்குடிக்கு வேலைக்குப் போயிட்டு வரேன். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் உப்பளம். ஐப்பசி, கார்த்திகை வந்துட்டா வண்டி காயவே காயாது.

மெதுவா போகும்போது மூடிக்குள்ள செயின் அடிக்கிற மாதிரி 'கடக் கடக்'னு சத்தம். தொடர்ந்து வரல, ஒரு சுத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போகுது. அதோட ஆக்ஸிலேட்டரை விட்டுட்டு மறுபடி கொடுத்தா பின்னாடி 'டக்'னு ஒரு இடி. கடையில செயின் இறுக்கித் தந்தாங்க, சீக்கிரமே பழையபடி ஆயிருச்சு. மறுபடி இறுக்கினப்போ சத்தம் போச்சு, ஆனா வண்டி தள்ளும்போது ஒரு இடத்துல பிடிக்கிற மாதிரி இருக்கு.

ஒரு மெக்கானிக் செயின் செட் (செயினும் அது ஓடுற ரெண்டு பல்சக்கரமும்) போச்சுங்கிறார். இன்னொருத்தர் ஹப் ரப்பர், அதான் பின் சக்கர நடுவுல இழுப்பு அதிர்வைத் தாங்குற ரப்பர் துண்டுகள், அதை மட்டும் மாத்தினா போதும்ங்கிறார். அப்பா கிரீஸ் வச்சா சரியாயிரும்ங்கிறாங்க. யார் சொல்றதைக் கேக்க?

கோவை டூவீலர்

ப்ரோ, வீல் பேரிங்கையும் ஒரு தடவை பாத்துருங்க. சென்டர் ஸ்டாண்ட் போட்டு பின் டயரை மேலயும் கீழயும் பிடிச்சு இடம் வலமா ஆட்டுங்க. லேசா ஆடினாலும் பேரிங், இல்ல பின் சக்கரத்தைத் தாங்குற கை (ஸ்விங் ஆர்ம்) புஷ். ஆடலைன்னா அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பட்டறை அண்ணாச்சி

தம்பி, காசு செலவு பண்றதுக்கு முன்னாடி வீட்டுலயே ரெண்டு சோதனை பண்ணிப் பாத்துருங்க. யார் சொன்னது சரின்னு வண்டியே சொல்லிரும்.

முதல் சோதனைக்கு சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரல்ல வச்சு, இன்ஜினை ஆஃப் பண்ணிருங்க. மூடியோட கீழ்ப்பக்கம் ரப்பர் மூடி போட்ட ஒரு ஓட்டை இருக்கும், அதைக் கழட்டுங்க. உள்ள விரலை விட்டு செயினை மேலயும் கீழயும் அமுக்கி எவ்வளவு ஆடுதுன்னு பாருங்க. அதோட நிறுத்திராதீங்க. சக்கரத்தைக் கையால கொஞ்சம் சுத்தி மறுபடி பாருங்க, அப்புறம் இன்னும் கொஞ்சம் சுத்தி. செயின் முழுசா ஒரு ரவுண்டு வர்ற வரைக்கும் பாக்கணும். செயின் பின்னாடி இருக்கிற ஸ்ப்ராக்கெட்டை (பல்சக்கரத்தை) விட நீளம், அதனால சக்கரம் ஒரு சுத்து சுத்தினா போதாது. எங்க ரொம்ப இறுக்கம், எங்க ரொம்ப தொய்வு, ரெண்டையும் ஸ்கேல் வச்சு எழுதுங்க.

ரெண்டாவது, முதல் கியர்ல போட்டு சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்க. செயின் தொய்வு முழுசா இழுபட்டு நின்ன பிறகும் சக்கரம் மட்டும் தனியா கொஞ்சம் திரும்புதான்னு கவனிங்க.

ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க. இன்ஜினை ஓட விட்டு கியர்ல போட்டு செயின் பக்கம் கையைக் கொண்டு போகவே கூடாது. துடைக்கவும் கூடாது, எண்ணெய் விடவும் கூடாது. செயினுக்கும் பல்லுக்கும் நடுவுல விரல் போனா திரும்பி வராது. விரல் போன பிள்ளைகளை நான் பாத்திருக்கேன்.

பழையகாயல்காரன்

அண்ணாச்சி, ரெண்டும் பாத்தேன். சக்கரம் இடம் வலமா ஆடல. செயின் ஒரு இடத்துல 15 மிமீ கூட ஆடல, கம்பி மாதிரி நிக்குது. பாதி சுத்து தள்ளிப் பாத்தா 40 மிமீ தொங்குது. மூடியையும் கழட்டிட்டேன். இறுக்கமா இருக்கிற இடத்துல ரெண்டு மூணு கண்ணி மடங்கினபடியே நிக்குது, கையால நீவினாத்தான் நேராகுது, ஓரமெல்லாம் செம்பழுப்புத் துரு. பின் ஸ்ப்ராக்கெட் பல்லெல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு கொக்கி மாதிரி இருக்கு. செயின் நின்ன பிறகும் சக்கரம் தனியா நல்லாவே திரும்புது.

பட்டறை அண்ணாச்சி

அப்ப ரெண்டு மெக்கானிக் சொன்னதும் சரிதான். ஆளுக்குப் பாதி சொல்லியிருக்காங்க.

செயின் நீண்டுபோச்சுன்னு சொல்றோம்ல, தகடு ரப்பர் மாதிரி இழுபடுறதில்ல. ஒவ்வொரு கண்ணிக்குள்ளயும் ஒரு பின் (சின்ன உருளைக் கம்பி), அதைச் சுத்தி புஷ்ங்கிற ஒரு குழாய். எண்ணெய் இல்லாம அந்த ரெண்டும் உரசித் தேயுது. ஒரு கண்ணியில மயிரிழை தேய்மானம், அதுவே நூறு கண்ணிக்கு மேல சேர்ந்தா விரல் அகலத்துக்கு வந்துரும். உங்க ஊர்ல உப்புக்காத்தும் மழையும் சேர்ந்து அடிக்குது. எண்ணெய் எட்டாத கண்ணி துருப்பிடிச்சு இறுகிரும், எட்டின கண்ணி நல்லா இருக்கும். அதனாலதான் இங்க 15, அங்க 40.

இந்த நிலைமையில எப்படி இறுக்கினாலும் தப்பாத்தான் முடியும். தொங்குற இடத்தைப் பாத்து இறுக்கினா, இறுக்கமான இடம் வரும்போது செயின் விண்ணுன்னு நிக்கும். நீங்க தள்ளும்போது பிடிச்சது அதுதான். அப்படியே ரெண்டு பேர் உக்காந்து பள்ளத்துல இறங்கினா, ஷாக் அமுங்கும்போது பின் சக்கரத்துக்கும் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையில தூரம் கூடும். அதுக்கு இடம் கொடுக்கத்தான் தொய்வே விடுறது. தொய்வு இல்லைன்னா அந்த இழுப்பு முழுக்க கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங் மேல விழும். அந்த பேரிங் போனா இன்ஜினைப் பிரிக்கணும் தம்பி, செயின் செட் விலையோட முடியாது.

செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூணும் ஒண்ணா மாத்துங்க. கொக்கிப் பல்லு மேல புது செயின் போட்டா அந்தப் பல்லு புது செயினைத் தின்னுரும். செயின் நின்ன பிறகும் சக்கரம் தனியா திரும்புதுன்னா ஹப் ரப்பர் தேஞ்சிருக்கு. சக்கரம் எப்படியும் கழளும், அதையும் போட்டுருங்க, சில நூறு ரூபாய்தான். அந்த 'டக்' இடிக்கு முக்கியக் காரணம் அதுதான்.

சேலம் ரவி

எங்க ஏரியாவுல ஒரு கண்ணியை வெட்டி எடுத்துட்டு ஓட்டச் சொல்லுவாங்க. இன்னும் அஞ்சாயிரம் கிமீ ஓடும்ங்கிறாங்க. செட் விலை ஆயிரத்துக்கு மேல வருதே, இப்போதைக்கு அதைப் பண்ணிக்கலாமே?

பட்டறை அண்ணாச்சி

வேண்டாம் ரவி. இந்த வண்டிகள்ல வர்ற 420, 428 செயின்ல ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 12.7 மிமீ. புதுசுல 20 கண்ணி அளந்தா 254 மிமீ. அதுவே 259 மிமீ வந்துருச்சுன்னா செயின் ஆயுசு முடிஞ்சது. கண்ணியை வெட்டினா மொத்த நீளம்தான் குறையும், மிச்சம் இருக்கிற ஒவ்வொரு கண்ணியும் தேஞ்ச அளவுலயேதான் இருக்கும். பல்லுப் பள்ளத்துல அது உக்காராது, பல்லு முனையில ஏறி ஏறி இறங்கும். வேகத்துல ஒரு தடவை ஏறித் தப்பிச்சா செயின் கழண்டு சக்கரத்துல சிக்கும். பிள்ளைகளை உக்கார வச்சு ஓட்டுற வண்டி இது. கஷ்டமா இருந்தா வேற எதையாவது தள்ளிப் போடுங்க, இதைத் தள்ளாதீங்க.

மதுரைப் பொண்ணு

நடுவுல ஒரு சந்தேகம் அண்ணா. என் வண்டி 200 சிசி, மூடி இல்லாத ஓ-ரிங் செயின் (கண்ணிக்குக் கண்ணி சின்ன ரப்பர் ரிங் போட்டது). மண்ணெண்ணெய் ஊத்தித் துடைக்கலாமா?

கோவை டூவீலர்

மண்ணெண்ணெய் பரவாயில்லங்க, உடனே துணியால நல்லாத் துடைச்சுடுங்க. பெட்ரோலும் கம்பி பிரஷும் வேண்டாம், அந்தச் சின்ன ரப்பர் ரிங் போயிடும். ரிங் போச்சுன்னா உள்ள அடைச்சு வச்ச கிரீஸும் போயிடும், அதை வெளியில இருந்து நிரப்ப முடியாது.

பழையகாயல்காரன்

செட் வாங்கியாச்சு. நாளைக்கு மாத்தப் போறோம். கூட நின்னு என்னவெல்லாம் கவனிக்கணும்? அப்பா கேட்ட கிரீஸ் விஷயத்தையும் சொல்லிருங்க அண்ணாச்சி.

பட்டறை அண்ணாச்சி

முதல்ல பழைய ஸ்ப்ராக்கெட் பல்லையும் புதுசையும் எண்ணிப் பாருங்க. முன்னாடி ஒரு பல்லு கூடினாலோ குறைஞ்சாலோ பிக்கப்பே மாறிரும்.

செயினோட ரெண்டு முனையையும் சேர்க்கிற கண்ணி, அந்த செயின் லாக்கை கட்டாயம் நீங்களே கண்ணால பாத்துருங்க. அந்த கிளிப்போட மூடின தலை செயின் ஓடுற திசையைப் பாத்து இருக்கணும், பிளந்த வால் பின்னாடி. மாத்திப் போட்டா எங்கயாவது பட்டு கிளிப் தெறிச்சுரும்.

இறுக்கும்போது ஆக்ஸில் நட்டோட இடது பக்க ஸ்லீவ் நட்டையும் (ஸ்ப்ராக்கெட் பக்கத்தைப் பிடிச்சிருக்கிற பெரிய நட்டு) தளர்த்தச் சொல்லுங்க. ரெண்டு பக்க அட்ஜஸ்டர் கோடும் ஒரே அளவுல நிக்கணும். அப்புறம் பின்னாடி குனிஞ்சு ஒரு கண்ணை மூடிப் பாருங்க, செயின் ஸ்ப்ராக்கெட்டுக்குள்ள நேர்கோடா போகணும். தொய்வு உங்க கையேட்டுல உள்ளபடி வைங்க. இந்த மாதிரி வண்டிகளுக்கு பெரும்பாலும் 20-லிருந்து 30 மிமீக்குள்ள வரும். நட்டை முழுசா இறுக்கின பிறகு மறுபடி ஒரு தடவை அளந்துருங்க, இறுக்கும்போது கொஞ்சம் நகரும்.

நிறைய பேர் விட்டுர்றது பிரேக். பழைய செயினுக்காக பின்னாடி இழுத்து வச்சிருந்த சக்கரம் இப்போ முன்னாடி வரும். பிரேக் ராடு அதே நீளம்தான், அதனால பெடல் தொளதொளன்னு ஆயிரும். வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி ராடு நட்டைச் சரி பண்ணி, சக்கரம் ஃப்ரீயா சுத்துதா, மிதிச்சா பிடிக்குதா, பிரேக் லைட் எரியுதான்னு பாத்துட்டுதான் ரோட்டுல இறங்கணும்.

கிரீஸைப் பொறுத்தவரை அப்பா சொல்றதுல எண்ணம் நல்ல எண்ணம்தான், செயின் காயக்கூடாதுங்கிறாங்க. ஆனா வெளியில அப்புற கெட்டி கிரீஸ் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல போகாது, மண்ணைத்தான் பிடிச்சு வைக்கும். பழைய இன்ஜின் ஆயிலும் வேண்டாம், அதுல உலோகத் தூள் கிடக்கும். 90 நம்பர் கியர் ஆயில் வாங்கிக்கிடுங்க. ஓட்டிட்டு வந்து செயின் சூடா இருக்கும்போது, கையால சக்கரத்தைச் சுத்திக்கிட்டே செயினோட உள்பக்கம் படுற மாதிரி சொட்டுச் சொட்டா விடுங்க, மிச்சத்தைத் துடைச்சுருங்க. 500 கிமீக்கு ஒரு தடவை. உங்க ரோட்டுக்கு மழையில நனைஞ்சா அன்னைக்கே.

பழையகாயல்காரன்

மாத்தியாச்சு. சத்தமும் இல்ல, அந்த 'டக்'கும் இல்ல. பழைய ஹப் ரப்பர் நாலும் ஓரம் நசுங்கி, தூக்கினதும் ஹப்புக்குள்ள இருந்து தானா விழுந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே பிரேக் பெடல் லூஸாத்தான் இருந்துச்சு, அங்கேயே சரி பண்ண வச்சேன். லாக் திசையும் பாத்துட்டேன். ரொம்ப நன்றி அண்ணாச்சி. புது செயினை மறுபடி எப்ப இறுக்கணும்?

பட்டறை அண்ணாச்சி

முதல் 500 கிமீல ஒரு தடவை அளந்து பாருங்க, புது செயின் உக்காரும்போது கொஞ்சம் தளரும். அதுக்கப்புறம் எண்ணெய் விடும்போதெல்லாம் அந்த ஓட்டை வழியா விரல் வச்சுப் பாத்தா போதும். அளவு தாண்டினாத்தான் இறுக்கணும். அந்த ரப்பர் மூடியை மறக்காம மாட்டிருங்க, இல்லைன்னா உப்புத் தண்ணி அந்த வழியாவே உள்ள போகும்.