ஏபிஎஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடுகிற ஆட்கள் வாங்கோ: மறக்க முடியாத ஒரு பிரேக்

பரந்தன் சந்தி

நேரே விஷயத்துக்கு வருகிறேன். அசெட்டோ கோர்சா என்ற கார் ரேஸ் கேம், இத்தாலியின் மொன்சா ஓட்டப் பாதை, ஃபெராரி எஃப்40 கார். பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி நிற்காமல் பார்க்கிற ஏபிஎஸ்ஸை ‘ஃபாக்டரி’யில், அதாவது உண்மையான காரில் உள்ளபடி, வைத்தேன். உண்மையான எஃப்40க்கு ஏபிஎஸ்ஸும் இல்லை, கால் பலத்தைக் கூட்டித் தருகிற பிரேக் பூஸ்ரரும் இல்லை. அதனால் கேமிலும் உதவிக்கு ஒன்றும் வராது.

நேர் ரோட்டின் முடிவில் முதல் சிகேன், வேகத்தைக் குறைக்க வைத்த இரட்டை வளைவு. மிதித்தேன். வலப்பக்க முன் சில்லு லொக் ஆகி, அதாவது உருளாமல் இறுகி, புகை கிளம்பியது. ஸ்ரியரிங்கை வலப்பக்கம் முறித்துப் பிடித்திருக்கிறேன், கார் கேட்கவே இல்லை, நேரே போகிறது. கையில் இருந்த பாரம் முழுக்க இல்லாமல் போய் ஸ்ரியரிங் சும்மா சுற்றியது. அப்போது காலை ஒரு விரற்கடை தளர்த்தினேன். சில்லு திரும்ப உருண்டது, மூக்கு சட்டென்று உள்ளே விழுந்தது, பாதையோரக் கேர்பைத் தொட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பிரேக்கைக் கூட்டினால் திரும்பாத கார் குறைத்தால் திரும்புகிறது. எங்கேயோ வாசித்த கதைதான், ஆனால் காலுக்கு விளங்கியது அந்த இடத்தில்தான். அதற்குப் பிறகு ரேஸ் முடியும்வரை ஸ்ரியரிங் தக் தக் என்று அடித்தது. லொக் ஆன ரயர் ஒரு இடத்தில் மட்டும் தேய்ந்து தட்டையாகியிருந்தது. அந்த அடி இன்னும் என் கைக்குள் நிற்கிறது. உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும், எழுதுங்கோ.

மாங்குளத்தான்

அண்ணா, உங்களுக்கு முன் சில்லு, எனக்குப் பின் சில்லு. கிரான் ரூரிஸ்மோ 7, பிஎஸ்4, சாதாரணக் கொன்ட்ரோலர். ஜப்பானின் ஃபியூஜி ஓட்டப் பாதை. ஒன்றரைக் கிலோமீற்றர் நேர் ரோடு முடிந்து வருமே, அந்த முதல் வளைவு. மாஸ்டா ஆர்எக்ஸ்-7 கார். கூட ஓடுகிற ஒருவர் தந்த செற்றப், பிரேக் பலன்ஸ், அதாவது முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் பிரேக்கைப் பங்கிடுவது, பின்னுக்குத் தள்ளியது. ஏபிஎஸ் போட்டு ஓடினால் அது நல்ல செற்றப்தான், கார் வளைவுக்குள் வடிவாகத் திரும்பும். ஏபிஎஸ்ஸை நிறுத்திவிட்டு அதே செற்றப்பில் கொன்ட்ரோலரின் பிரேக் விசையான எல்2வை அழுத்தினேன், கியரை இரண்டு தரம் இறக்கினேன். பின்பக்கம் முன்னுக்கு வந்துவிட்டது. எனக்குப் பின்னால் வந்தவரின் முகப்பு லைற் என் முன்கண்ணாடி முழுக்க. அவர் என்னை விலத்திப் போனது எப்படி என்று இன்றைக்கும் தெரியாது.

இனிச் சில விஷயம் சொல்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும். பிரேக் பிடித்தால் பாரம் முன்னுக்குப் போகும், பின் சில்லு நிலத்தில் பாரமில்லாமல் நிற்கும். அந்த நேரம் பின்னுக்குப் பிரேக் கூடினால் கட்டாயம் சுழலும். ஆகவே ஏபிஎஸ் இல்லையென்றால் பலன்ஸை முதலில் முன்னுக்குக் கொண்டுபோங்கோ. முன் சில்லு லொக் ஆனால் நேரே போவீர்கள், விட்டுப் பிடிக்கலாம். பின் சில்லு லொக் ஆனால் பிடிக்க நேரமே கிடைக்காது. பிறகு ஒவ்வொரு புள்ளியாகப் பின்னுக்கு எடுங்கோ. அப்புறம் கியர். வேகம் குறைய முதலே கியரை இறக்கினால் எஞ்சினே பின் சில்லை இழுத்துப் பிடிக்கும், அதுவும் ஒரு பிரேக்தான், அதை எந்தப் பலன்ஸும் அடக்காது. டிபரன்ஷல் (இரண்டு பக்கச் சில்லுக்கும் எஞ்சின் பலத்தைப் பிரிக்கிற பாகம்) மாற்றக்கூடிய காரென்றால் பிரேக்கிங் பக்கத்து எண்ணைக் கொஞ்சம் கூட்டுங்கோ, பின்பக்கம் அமைதியாகும். ஆனால் கூடக் கூட்டினால் கார் திரும்ப மறுக்கும். திரையில் நாலு ரயர் படம் இருக்கிறதல்லவா, எது முதலில் சிவக்கிறது என்று பாருங்கோ. அதுதான் உங்கள் வாத்தியார். ஃபோர்சாவிலும் எஃப்1 கேமிலும் முழுக்க மிதித்தால் எவ்வளவு பலம் போக வேண்டும் என்பதற்குப் பிரேக் பிரஷர் என்று தனியாக ஒன்று உண்டு. அதை 80 அளவுக்கு இறக்கிவிட்டால் பாதித் தலையிடி தீரும்.

புதுக்குடியிருப்பு

கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. எஃப்1 கார் 300ஐத் தாண்டி ஓடும்போது காற்று அதை நிலத்தோடு அமத்துகிறது. அந்த நேரத்தில் முழுப் பலத்தோடு மிதித்தாலும் சில்லு லொக் ஆகாது. வேகம் இறங்க இறங்க அந்த அமத்தல் போய்விடும், அப்போதுதான் லொக். பிரஷரை 80க்கு இறக்கினால், பிடி அதிகமாக இருக்கிற அந்த முதல் 50 மீற்றரிலேயே நீங்கள் நேரத்தைக் கொடுத்துவிடுகிறீர்கள். வளைவுக்குக் கிட்ட லொக் ஆவது அப்போதும் நிற்காது. நோய் காலில், மருந்து செற்றிங்கில் இல்லை.

என் அனுபவம் சின்னது. அதே மொன்சா, எஃப்1 கேம். பலன்ஸ் முன்னுக்கு 56, பிரஷர் 100. முதல் மிதி முழுக்க, பிறகு கியர் இறங்க இறங்கக் காலும் இறங்க வேண்டும். ஒரு இரவு திடீரென்று அது கூடிவந்தது. எட்டாவது கியரில் இருந்து இரண்டாவது வரைக்கும் ஒரு கீச்சுச் சத்தம் இல்லை, ஒரு புகை இல்லை. அடுத்த வளைவைப் பார்க்க மறந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1994இல் இருந்து உண்மையான எஃப்1இலும் ஏபிஎஸ் தடை. அவர்களும் இதைத்தான் காலால் செய்கிறார்கள். ஆகவே ‘கேமில்தானே’ என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மாங்குளத்தான்

அண்ணை, நீங்கள் பெடலில் ஓடுகிறீர்கள். கொன்ட்ரோலரில் எல்2 எவ்வளவு தூரம் போகும்? ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். அதற்குள் 100ஐயும் 70ஐயும் விரலால் பிரித்து எடுக்க வேண்டும். பிரஷரை இறக்கினால் அதே தூரத்துக்குள் நுணுக்கமாக அழுத்தலாம். நேரம் போனாலும் ரேஸை முடிக்கலாம். முடிக்காத ரேஸுக்கு என்ன நேரம்?

அக்கராயன் பிள்ளை

நீங்கள் பெடல், கொன்ட்ரோலர் என்று சண்டை பிடிக்கிறீர்கள், நான் கீபோர்ட். மடிக்கணினி. கீழ் அம்புக்குறி, அவ்வளவுதான். அழுத்தினால் முழுப் பிரேக், விட்டால் ஒன்றுமில்லை. கேம் கொஞ்சம் மென்மையாக்கித் தரும், ஆனால் நடுவில் நிறுத்திப் பிடிக்க முடியாது.

ஜெர்மனியின் நேர்பேர்க்ரிங், 20.8 கிலோமீற்றர் நீளமான பழைய சுற்று. ஷ்வேடன்க்ரொய்ட்ஸ் மேட்டைத் தாண்டி ஆரெம்பேர்க் வலது வளைவுக்கு இறங்குகிற இடம். பிஎம்டபிள்யூ எம்3, ஈ30. மேட்டின் உச்சியில் கார் பாரமிழந்து நிற்கும்போது ஒரு தட்டுத் தட்டினேன், நாலு சில்லும் ஒன்றாகக் கத்தின. விரலை எடுத்தேன். கார் வந்து நிலத்தில் அமரும்வரை பொறுத்தேன். அந்தப் பொறுத்த நேரம்தான் எனக்கு மறக்காதது, வேலி வளர்ந்துகொண்டே வருகிறது, நான் பிரேக் பிடிக்காமல் இருக்கிறேன். அமர்ந்த பிறகு தட்டினேன், விட்டேன், தட்டினேன், விட்டேன். நின்றது. ஏபிஎஸ் செய்கிற வேலையும் இதுதானே, அது ஒரு செக்கனுக்குள் பல தடவை செய்கிறது, நான் விரலால் செய்தேன்.

அதனால் புதுக்குடியிருப்பு அண்ணாவிடம் ஒன்று கேட்கிறேன். முதல் மிதி முழுக்க என்று எல்லா இடத்துக்கும் சொல்லலாமா? மேட்டில் சொல்லவே முடியாது. எம்3க்கு எஃப்1 அளவுக்குக் காற்று அமத்தலும் இல்லை.

புதுக்குடியிருப்பு

அது சரி பிள்ளை. நான் சொன்னது இறக்கை உள்ள காருக்கு. ரோட்டுக் காருக்கு முதலில் மெதுவாகப் பாரத்தை முன்னுக்கு அனுப்பிவிட்டுத்தான் அழுத்த வேண்டும். மேட்டில் நீர் செய்ததுதான் சரி.

நெடுங்கேணி கிரவல்

எல்லாரும் தார் ரோட்டிலேயே நிற்கிறீர்கள். கிரவலுக்கு, அதாவது சரளைக் கல் பாதைக்கு, வாங்கோ, எல்லாம் தலைகீழ். சித்தப்பாவின் வான் வண்டியில் ஏபிஎஸ் உண்டு. ஒட்டுசுட்டான் பக்கம் கிரவல் பாதையில் மாடு குறுக்கே வந்தது. பெடல் காலுக்குள் கடகடவென்று அதிர்ந்தது, வான் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. மாடு தானாக நகர்ந்ததால் தப்பியது. இளகிய கிரவலில் லொக் ஆன சில்லு தனக்கு முன்னால் கல்லைக் குவித்து அதிலேயே முட்டி நிற்கும். ஏபிஎஸ் சில்லை உருள விடுவதால் அந்தக் குவியல் சேராது, நிற்கிற தூரம் கூடும்.

டேர்ட் ரலி 2.0 கேமில் நியூசிலாந்துக் கிரவல், ஃபோர்ட் எஸ்கோர்ட் எம்கே2 கார். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் வேண்டுமென்றே ஒரு கணம் லொக் பண்ணி, விட்டவுடன் ஸ்ரியரிங்கைத் திருப்பினால் பின்பக்கம் தானாக வெளியே வரும். கிரவலில் லொக் என்பது ஒரு கருவி. மாங்குளத்தார் முன்னுக்குத் தள்ளச் சொன்ன பலன்ஸை இங்கே வைத்தால் கார் நேரே பற்றைக்குள் போகும். நான் பின்னுக்குத்தான் வைப்பேன், அதில் மாற்றமில்லை.

வவுனியா

என் கதை பழையது, கிரான் ரூரிஸ்மோ 5, ஏபிஎஸ் 0, பலன்ஸ் முன் 5 பின் 5, கேம் சென்ரரில். அதை விடுங்கோ. பெடல் வைத்திருக்கிற பெடியளுக்கு ஒன்று: சீமெந்து நிலத்தில் பெடல் பலகை பின்னுக்கு வழுக்கினால் நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. சுவருக்கும் பெடலுக்கும் இடையில் ஒரு அரிசி மூட்டையை இறுக்கி வையுங்கோ. கதிரையில் உருளை இருந்தால் அதற்கும் ஒரு கட்டை. லொஜிரெக் ஜி29 ஸ்ரியரிங்-பெடல் செற் என்றால் பிரேக்குக்குள் ஒரு கடினமான ரப்பர்க் கட்டை இருக்கும், கனபேர் கழற்றி எறிகிறார்கள். எறியாதேங்கோ. கால் எவ்வளவு தூரம் போனது என்பதை மறந்து, எவ்வளவு பலம் கொடுத்தது என்பதைப் பழக அந்த ரப்பர்தான் உதவும். கரண்ட் நிற்கிற நேரத்தில் வெறும் பெடலையே மிதித்துப் பழகலாம். பரந்தன் தம்பி, எஃப்40இன் பலன்ஸ் எத்தனையில் வைத்திருந்தீர், முன் ரயர் பிரஷர் எவ்வளவு? அதை எழுதினால் நாங்களும் போட்டுப் பார்ப்போம்.