பெபிள்ஸ் முதல் தொகுதி போர்வைக்குள்ளிருந்து பாடுகிறது, ஏமாந்துவிட்டேனா?

ஊசிமுனை:
நக்கெட்ஸ் என்ற பாட்டுத் தொகுப்பைக் கேட்டுத்தான் அறுபதுகளின் அமெரிக்க கேராஜ் ராக்கில் (இளைஞர் குழுக்கள் கரடுமுரடாக வாசித்த ராக்) விழுந்தேன். லென்னி கே தொகுத்து 1972இல் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட அந்த இரட்டை எல்பியின் (பல பாட்டுள்ள பெரிய தட்டு) 27 பாட்டும் எனக்கு மனப்பாடம். அடுத்தது பெபிள்ஸ் என்ற தொகுப்பு வரிசைதான் என்று எல்லோரும் சொன்னதால் பழைய தட்டு விற்கும் ஒருவரிடம் முதல் தொகுதியை வாங்கினேன். முதல் பதிப்பு என்று சத்தியம் செய்யாத குறை. அட்டைப்படம் மங்கல், எழுத்துகளின் ஓரம் பிசிறு, சரி, பழசுதானே என்று விட்டுவிட்டேன். ஊசியை வைத்ததும் முதல் பாட்டே தி லிட்டர் குழுவின் ஆக்‌ஷன் வுமன். காதைக் கிழிக்க வேண்டிய கிட்டார் யாரோ போர்வையைப் போர்த்திவிட்டது மாதிரி வருகிறது. அனுமதியில்லாத தொகுப்பு என்றால் இப்படித்தான் இருக்குமா, இல்லை என் தலையில் எதையோ கட்டிவிட்டார்களா? இந்த வகைத் தட்டுகளை மேற்கொண்டு வாங்கலாமா?

தூசிப்பெட்டி:
உங்களிடம் இருப்பது திருட்டுத் தட்டின் திருட்டுத் தட்டாக இருக்கலாம்.

இதில் பாடிய குழுக்களில் பாதி பள்ளிக்கூடப் பையன்கள். கைக்காசு போட்டு ஐந்நூறோ ஆயிரமோ 45 (பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சின்னத் தட்டு) அடித்து, ஆடும் இடங்களில் விற்றுவிட்டு, அப்புறம் கல்லூரிக்கோ வியட்நாமுக்கோ போய்விட்டார்கள். மாஸ்டர் டேப்பை (அசல் ஒலிப்பதிவு நாடா) யார் பத்திரப்படுத்துவது? அதனால் தொகுத்தவர்கள் கிடைத்த 45ஐயே ஓடவிட்டுப் பதிவு செய்தார்கள், எனவே பொரிச் சத்தம் இருப்பது குற்றமே இல்லை. ஆனால் நல்ல 45இலிருந்து எடுத்தால் ஓசையில் கூர்மை இருக்கும். அது போய்விட்டதென்றால் நடுவில் இன்னொரு நகல் நடந்திருக்கிறது, அட்டையையும் படம்பிடித்துத்தான் அச்சடித்திருப்பார்கள், அதனால்தான் பிசிறு.

ஒரு சோதனை சொல்கிறேன். எங்காவது கீறல் 'டிக் டிக்' என்று விழுகிறதா? கடிகாரம் வைத்து எண்ணுங்கள். நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் தட்டில் இருந்த கீறல் 1.33 நொடிக்கு ஒருமுறை தட்டும், மெதுவாகச் சுற்றும் எல்பியில் இருந்தது 1.8 நொடிக்கு ஒருமுறை. உங்கள் தட்டில் கீறலே கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனாலும் 1.8 நொடிக்கு டிக் கேட்கிறது என்றால் அது பெரும்பாலும் வேறொருவரின் எல்பி போட்ட டிக்.

அட்டையில் ஆஸ்திரேலியா முகவரி இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். பிஎஃப்டி ரெக்கார்ட்ஸ், குக்கபரா, ஆஸ்திரேலியா என்பது கிரெக் ஷா செய்த குறும்பு. அவர் அமெரிக்காவில் பாம்ப் என்ற தட்டு நிறுவனத்தை நடத்தியவர். அந்தப் பொய் முகவரி அவரே வெளியிட்ட தட்டிலும் உண்டு!

மோனோமட்டும்:
விற்றவரைத் திட்டும் முன்னால் உங்கள் பக்கத்தையும் பாருங்கள். இந்த 45களில் பெரும்பாலானவை மோனோ, அதாவது ஒரே சேனல். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கும் பகுதி) ஓட்டினால் பள்ளத்தின் மேலும் கீழுமான இரைச்சல் சேர்ந்து வரும், ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்தினால் அதில் ஒரு பகுதி அடங்கும். பொத்தானை அழுத்தியதும் பாட்டு இன்னும் மங்குகிறதா? அப்படியென்றால் நகலெடுத்த டேப் கருவியின் ஹெட் (டேப்பைப் படிக்கும் பகுதி) சாய்ந்திருந்திருக்கலாம், இரண்டு சேனலும் மயிரிழை முன்பின்னாக ஓடிச் சேரும்போது உயர் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அப்போது ஒரே ஒரு சேனலை மட்டும் எடுத்து இரண்டு ஸ்பீக்கரிலும் விடுங்கள், கொஞ்சம் தெளியும். ஆனால் போர்வை முழுசாக விலகாது, அதில் தூசிப்பெட்டி சொல்வதுதான் சரி.

அட்டைக்குறிப்பு:
ஓசையை விட்டுவிட்டு இன்னொன்று சொல்கிறேன், எனக்கு இதில் பிடித்ததே அதுதான். அமெரிக்காவில் 1972 பிப்ரவரி 15க்கு முன் செய்த ஒலிப்பதிவுக்கு மத்தியச் சட்டத்தின் காப்புரிமை முன்பு கிடையாது, ஒவ்வொரு மாநிலச் சட்டம்தான். அந்த இடைவெளியும், கேள்வி கேட்க ஆளில்லாத செத்துப்போன லேபிள்களும் (தட்டு வெளியிட்ட நிறுவனங்கள்) சேர்ந்துதான் இவ்வளவு தொகுப்புகளுக்கு இடம் கொடுத்தன. 2018இல் சட்டம் மாறி, அறுபதுகளின் பதிவுகளுக்கு 2067 வரை பாதுகாப்பு வந்துவிட்டது. பாட்டை எழுதியவரின் உரிமை தனி, அது முன்பும் இருந்தது, பலர் கண்டுகொள்ளவில்லை.

அதனால் எல்லாத் தொகுப்பையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். டிம் வாரன் 1983இல் கிரிப்ட் லேபிளில் ஆரம்பித்த பேக் ஃப்ரம் தி கிரேவ் வரிசையை எடுங்கள். பாடிய ஆட்களையே தேடிப்பிடித்துப் பேசி, கதையும் படமுமாக அட்டையில் போட்டார். அதைப் படித்துக்கொண்டே கேட்பது தனிச் சுகம். ஹைஸ் இன் தி மிட்-சிக்ஸ்டீஸ் வரிசை 23 தொகுதி, லாஸ் ஏஞ்சலஸ், டெக்சாஸ், மிச்சிகன் என்று ஊர்வாரியாகப் பிரித்தது. பாட்டுகள் சில சுமார்தான், ஆனால் எந்த ஊரில் எப்படிக் கத்தினார்கள் என்று பிடிபடும். பெபிள்ஸில் இன்னொரு பொறி: எல்பியின் தொகுதி எண்ணும் சிடியின் தொகுதி எண்ணும் ஒத்துப்போகாது. எண்ணை நம்பி வாங்கினால் வைத்திருப்பதையே மறுபடி வாங்குவீர்கள், நான் வாங்கியிருக்கிறேன்.

ஊசிமுனை:
நேற்று ராத்திரி கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு டிக், பத்துத் தடவைக்குப் பதினெட்டு நொடி. விளக்கில் சாய்த்துப் பார்த்தேன், கீறல் இல்லை. மோனோ பொத்தானை அழுத்தினால் இன்னும் மோசம், அதையும் செய்து பார்த்துவிட்டேன். விற்றவரிடம் சொன்னேன், "காது அவரவருக்கு" என்கிறார்.

தூசிப்பெட்டி:
அப்போ கதை முடிந்தது. அடுத்த முறை வாங்கும்முன் தட்டின் நடுவே ஒட்டிய லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பட்டையில் கீறியிருக்கும் எழுத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், டிஸ்காக்ஸ் என்ற இணையத் தட்டுப் பட்டியலில் இருக்கும் விவரத்தோடு ஒப்பிடலாம். அனுப்ப மறுத்தால் வாங்காதீர்கள்.

ஊசிமுனை:
சரி. தட்டைத் தூக்கிப் போடவும் மனசில்லை, போர்வைக்குள்ளிருந்தும் அந்தக் கிட்டார் என்னை விடமாட்டேன் என்கிறது. பேக் ஃப்ரம் தி கிரேவ் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

அட்டைக்குறிப்பு:
முதல் தொகுதியிலிருந்தே. அட்டையை மட்டும் பாதியில் கீழே வைத்துவிடாதீர்கள்.