ஃபெடோரா, ட்ரில்பி, பௌலர்: தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

கயல்விழி எழுதியது:

வணக்கம். அவசரம். எங்கள் நாடகத்துறை மாணவர்களுக்காக மேடை உடை பற்றிய பாடக் குறிப்பைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஐரோப்பியத் தொப்பிகள் என்ற ஒரு பக்கம் மட்டும் பாக்கி. ஏழு படங்கள். இப்போதைக்கு ஏழுக்கும் கீழே ‘தொப்பி’ என்று போட்டு வைத்திருக்கிறேன்.

ஃபெடோராவும் ட்ரில்பியும்தான் பெரிய தலைவலி. இரண்டும் மெத்தென்ற ஃபெல்ட் (கம்பளியை அழுத்திச் செய்த துணி). இரண்டுக்கும் உச்சியில் நீளவாக்கில் ஒரு பள்ளம், முன்பக்கம் இரு புறமும் விரலால் கிள்ளியதுபோல் குழிவு. ஃபெடோராவின் விளிம்பு அகலம், இரண்டரை அங்குலம் இருக்கும். ட்ரில்பிக்கு இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. முன்னால் தாழ்ந்து பின்னால் மேலே திரும்பியிருக்கும். ஹோம்பர்க்கில் பள்ளம் உண்டு, கிள்ளல் கிடையாது. விளிம்பு விறைப்பாகச் சுற்றிலும் சுருண்டிருக்கும். பெயரைப் படித்தாலே படத்தை அடையாளம் தெரியவேண்டும். அதுதான் என் தேவை.

ரஃபீக் எழுதியது:

ஃபெடோரா என்றால் எனக்குத் தெரிந்தது கணினி இயங்குதளம்தான் :) அதன் பெயரும் ரெட் ஹேட் நிறுவனத்தின் சின்னத்திலிருந்த தொப்பியிலிருந்து வந்ததுதான். நாங்கள் மென்பொருளைத் தமிழாக்கியபோது அந்தப் பெயரில் கைவைக்கவில்லை, வானம் இடிந்து விழவில்லை. அப்படியே எழுதிவிடுங்கள். நாளைக்கு மாணவர்கள் கடையில் போய்க் கேட்கப்போவதும் அந்தப் பெயரைத்தானே?

முத்தையா எழுதியது:

> அப்படியே எழுதிவிடுங்கள்

எப்படியே, தம்பி? ‘ட்’ மொழிமுதலில் வராது. ஆய்தத்தை வைத்து எஃப் காட்டுவது இன்னொரு கொடுமை. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று தொல்காப்பியர் சொன்னது கடன் வாங்காதே என்றல்ல, வாங்கினால் எழுத்தைக் களைந்து வாங்கு என்று. அப்படியானால் பெடோரா, திரில்பி என்று வரும். ஆனால் வாங்கவே தேவையில்லை என்பேன்.

கயல் அம்மா கேட்பது விளிம்பைப் பற்றி. தொப்பியின் விளிம்பு என்ன வேலை செய்கிறது? வெயிலையும் மழையையும் முகத்தில் விழாமல் தடுக்கிறது. வீட்டில் அந்த வேலையைச் செய்வது எது? கூரையின் இறப்பு, அதாவது சுவரைத் தாண்டி நீளும் ஓரம். சங்கத் தமிழில் அதன் பெயர் ‘இறை’. புறநானூறு 129 ‘குறியிறைக் குரம்பைக் குறவர் மாக்கள்’ என்று தொடங்கும். குறுகிய இறப்புடைய குடிசை. ஆக, ட்ரில்பி ‘குறியிறைத் தொப்பி’, ஃபெடோரா ‘நெடியிறைத் தொப்பி’. முடிந்தது.

‘தொப்பி’யே இந்தியிலிருந்து வந்தது என்று யாராவது கிளம்புவீர்கள். தொப்பை, தொப்புள் எல்லாம் ஒரே வேர், புடைத்திருப்பது என்று பொருள் என்பது என் கருத்து. தனியே எழுதுகிறேன்.

சேகர் எழுதியது:

தொப்புள் புடைத்தா இருக்கிறது, ஐயா? எனக்குக் குழிந்துதான் இருக்கிறது.

கயல்விழி எழுதியது:

ஐயா, குறியிறை அழகான சொல். எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆனால் ‘இறை’ என்று எழுதினால் எங்கள் பிள்ளைகள் கடவுளா, வரியா என்று கேட்பார்கள். ‘இறப்பு’ என்று எழுதினால் இழவு வீட்டுக்குப் போடும் தொப்பி என்பார்கள். வேறு வழி உண்டா?

சிவமலர் எழுதியது:

கயல், ஈழத்தமிழரான எங்களுக்கு அது ‘ட்ரில்பி’ இல்லை, ‘ரில்பி’. நான் இருக்கிற ஊரையே ரொறொன்ரோ என்று எழுதுகிற ஆட்கள் நாங்கள். ஆகவே எழுத்துப்பெயர்ப்பில் இறங்கினால் சண்டை இந்த வெள்ளி இல்லை, அடுத்த தைப்பொங்கலுக்கும் முடியாது.

ஒரு கேள்வி. இந்தப் பெயர்கள் ஆங்கிலத்தில் மட்டும் வடிவத்தைச் சொல்கின்றனவா? ஃபெடோரா ஒரு பெண்ணின் பெயர். 1882இல் பாரிசில் மேடையேறிய விக்டோரியன் சார்தூ என்ற பிரெஞ்சு நாடகாசிரியரின் நாடகத்தில் நடிகை சாரா பெர்ன்ஹார்ட் நடித்த ரஷ்ய இளவரசி. ட்ரில்பியும் பெண்தான், 1894இல் வந்த ஜார்ஜ் டு மோரியேயின் நாவலின் நாயகி. அடுத்த வருடமே அது லண்டனில் நாடகமாகி, அதில் போட்ட தொப்பிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டு பெண்கள் பெயரைத்தான் ஆண்கள் இத்தனை காலம் தலையில் வைத்துத் திரிந்திருக்கிறார்கள். எல்லாம் நாடகத்திலிருந்து வந்தவை, உங்கள் வகுப்பும் நாடக வகுப்பு. இந்தக் கதையைச் சொல்லிக்கொடுங்கோ, பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

ரஃபீக் எழுதியது:

அக்கா சொன்னதிலிருந்தே ஒரு யோசனை. ஆள் பெயரால் தொப்பியைச் சொல்லலாம் என்றால் உச்சி உருண்ட கெட்டித் தொப்பியான பௌலருக்கு ‘சாப்ளின் தொப்பி’. ஊருக்கே தெரியும், படமே வேண்டாம்.

முத்தையா எழுதியது:

அந்தத் தொப்பி 1849இல் லண்டனில் லாக் என்ற தொப்பிக் கடையில் எட்வர்ட் கோக் என்பவர் சொல்லிச் செய்யப்பட்டது. பண்ணையின் வேட்டைக்காட்டுக் காவலர்கள் குதிரையில் போகும்போது தாழ்ந்த கிளைகள் தலையில் இடிக்காமல் இருக்க. வாங்க வந்தவர் கீழே போட்டு மிதித்துப் பார்த்து, நசுங்கவில்லை என்றதும் காசு கொடுத்தார் என்று கதை. சாப்ளின் பிறந்ததே 1889இல். நாற்பது வருடம் கழித்துப் பிறந்தவர் பெயரை எப்படி வைப்பது? ‘கவிகலத் தொப்பி’ என்று வைக்கலாம். கவிழ்த்த கலம் போல இருப்பதால்.

ரஃபீக் எழுதியது:

கவிகலம் என்றால் கவிஞர்கள் ஏறிப் போகும் கப்பல் என்று நினைத்தேன்.

சேகர் எழுதியது:

நான் பாத்திரக் கடைக்காரன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உச்சியில் விழுந்த பள்ளத்துக்கு எங்களிடம் சொல் இருக்கிறது: ‘ஒடுக்கு’. குடம் கீழே விழுந்தால் ஒடுக்கு விழும், ஒடுக்கு எடுக்கக் கொடுப்போம். ஒடுக்கு விழுந்தது ஃபெடோரா, ட்ரில்பி, ஹோம்பர்க். ஒடுக்கு இல்லாதது பௌலர். கயல் கேட்ட அடையாளம் பாதி தீர்ந்தது. ‘சொட்டை’ என்றும் சொல்வார்கள், ஆனால் சொட்டைத் தொப்பி என்று எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு மனவருத்தம்.

அப்புறம், பட்டியலில் வெள்ளைக்காரத் துரை போடும் அந்தக் கெட்டித் தொப்பி இருக்கிறதா? ‘சோலா டோப்பி’ என்பார்கள். வெயிலுக்குப் போடுவதால் ‘சோலார்’ என்று பலர் நினைக்கிறார்கள். சோலா என்பது ஒரு நீர்ச்செடி. எங்கள் தஞ்சாவூரில் அதன் பெயர் நெட்டி. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டுவோமே நெட்டி மாலை, அதே நெட்டி. அதில் பெரிய கோயிலையே செதுக்குகிறார்கள், புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ‘நெட்டித் தொப்பி’ என்று போடுங்கள்.

முத்தையா எழுதியது:

நெட்டித் தொப்பி. மறுப்பே இல்லை. பார்த்தீர்களா, பொருளை அறிந்தவன் வைத்தால் பெயர் தானாக வரும்.

கயல்விழி எழுதியது:

நன்றி சேகர் அண்ணா. ஒன்று தேறியது. ‘ஒடுக்கு’ம் எடுத்துக்கொண்டேன். இனி பனாமா. ஓலைத் தொப்பி என்று விடலாமா?

சிவமலர் எழுதியது:

விடவேண்டாம். யாழ்ப்பாணத்தில் பனையோலைத் தொப்பி என்று வேறு ஒன்று இருக்கிறது. பனாமா பின்னுவது ஈக்வடாரில், தொக்கியா என்ற செடியின் நாரில். பனை மாதிரித் தெரியும், பனை இனமில்லை. 2012இல் அந்த நெசவை யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. பனாமா வழியாக விற்பனைக்குப் போனதால் ஊர் பெயர் மாறிவிட்டது, பாவம். இன்னொன்று: பனாமா என்பது செய்பொருளின் பெயர், வடிவத்தின் பெயர் இல்லை. ஃபெடோரா வடிவத்திலேயே பனாமா நார்த் தொப்பி உண்டு. ஒரே வரிசையில் இரண்டையும் வைத்தால் மாணவர் குழம்புவார். அந்தப் பக்கத்தின் அமைப்பே பிழை என்பேன்.

முத்தையா எழுதியது:

பொருளால் ஒன்று, வடிவால் ஒன்று, ஆளால் ஒன்று, ஊரால் ஒன்று என்று பெயரிட்டால் அது வகைப்பாடா, சந்தையா? முல்லைப்பாட்டு யவனர் சட்டையை ‘மெய்ப்பை’ என்றது. மெய்யை மூடும் பை. அதே வழியில் எல்லாத் தொப்பிக்கும் பொதுப்பெயர் ‘தலைப்பை’ என்று தொடங்கி, பிறகு அடைமொழியால் பிரித்தால்...

ரஃபீக் எழுதியது:

தலைப்பை என்றால் பேருந்தில் தலைமாட்டில் வைத்துத் தூங்கும் பை, ஐயா. மணி பதினொன்றரை ஆகிறது. வாக்கெடுப்பு வைத்துவிடலாமா? ஃபெடோரா, ட்ரில்பி, ஹோம்பர்க், பனாமா அப்படியே. பௌலர் = சாப்ளின் தொப்பி. நெட்டித் தொப்பி சரி. ஏழாவது என்ன?

கயல்விழி எழுதியது:

ஏழாவது போர்க் பை, அதாவது பன்றிக்கறி அடை. உச்சி தட்டையாக, ஓரத்தைச் சுற்றிப் பள்ளம் ஓடும். பன்றி என்று எழுத எனக்கு மனமில்லை, தட்டையொடுக்குத் தொப்பி என்று போட்டுவிட்டேன். ரஃபீக் பட்டியலுக்கு ஐந்து பேர் சரி சொல்லியிருக்கிறார்கள், ஐயா மட்டும் மறுப்பு. பெயருக்கு அடியில் ‘அகன்ற விளிம்பு, ஒடுக்கும் கிள்ளலும் உண்டு’ என்பதுபோல் ஒரு வரி சேர்க்கிறேன். பனாமாவைத் தனிப் பெட்டியாக்கினேன். குறியிறை என்னும் சொல்லைப் பக்கத்தின் கீழே சிறிய எழுத்தில் வைத்திருக்கிறேன், ஐயாவுக்காக.

முத்தையா எழுதியது:

சிறிய எழுத்திலா. நல்லது. சாப்ளின் பற்றிய என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும்.

கயல்விழி எழுதியது (பன்னிரண்டு நாள் கழித்து):

ஒரு செய்தி. நேற்று வகுப்பில் படத்தைக் காட்டி ட்ரில்பி எது என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, “மேடம், அந்தப் பின்தூக்கியா?” என்றாள். விளிம்பு பின்னால் தூக்கியிருப்பதால். அதற்குள் வகுப்பு முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள். ஃபெடோராவுக்கு அவர்கள் பெயரே வைக்கவில்லை, ‘மற்றது’ என்கிறார்கள்.

ரஃபீக் எழுதியது:

பின்தூக்கி! மின்தூக்கிக்குத் தம்பி. எனக்குச் சம்மதம்.

முத்தையா எழுதியது:

பாராட்டுகள் அந்தக் குழந்தைக்கு. ஆனால் மண்வெட்டி மண்ணை வெட்டும், மின்தூக்கி ஆளைத் தூக்கும். இந்தத் தொப்பி எதைத் தூக்குகிறது? தன் பின்விளிம்பைத் தானே தூக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு இந்த ‘இ’ விகுதி பொருந்துமா என்று பார்க்கவேண்டும். மேலும் பிற்பகல், பிற்காலம் போலப் புணர்த்தினால் ‘பிற்றூக்கி’ என்றல்லவா வரும்? யாரிடமாவது நன்னூல் உரை கைவசம் இருந்தால் பார்த்துச் சொல்லவும். என் பிரதி பரணில் இருக்கிறது, ஏற முடியவில்லை.