சென்னையில் இறங்கினால் ஊருக்கு எவ்வளவு நேரம்?

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

சென்னைக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது, அங்கிருந்து நாகர்கோவில் 620 கிலோமீட்டர்தானே என்று ஷார்ஜா தம்பி கேட்டிருந்தார். மக்கா, அந்த 620 வரைபடத்தில் நூல் பிடித்து அளந்த தூரம். நம்ம மாவட்டத்தில் விமான நிலையமே கிடையாது. ரோட்டில் வந்தால் திருச்சி, மதுரை, நெல்லை, ஆரல்வாய்மொழி வழியாகச் சுமார் 700 கிலோமீட்டர். நல்ல டிரைவர் கிடைத்தாலும், சாப்பிட நிற்கிற நேரத்தையும் சேர்த்தால் 12 மணி நேரம் ஆகும்.

அப்போ சென்னையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு இன்னொரு விமானம் பிடித்தால்? பறக்கிற நேரம் ஒன்றேகால் மணி சொச்சம்தான். நானும் அதை நம்பித்தான் போன தடவை ஏமாந்தேன். விடியற்காலை சென்னையில் இறங்கினேன், 10 மணி விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம். திருவனந்தபுரத்தில் பெட்டி கைக்கு வரும்போது இரண்டரை. அங்கிருந்து நாகர்கோவில் 70 கிலோமீட்டர்தான். விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சாக்கையிலிருந்து, கேரள எல்லையோரம் இருக்கிற காரோடு என்ற ஊர் வரைக்கும் பைபாஸில் வண்டி பறந்தது. காரோடு தாண்டி நம்ம பழைய ரோட்டில் ஏறியதும் ஊர்ந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வேறு. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் இருந்ததால் தப்பித்தோம், தக்கலையில் வசமாக மாட்டிக்கொண்டோம். வீடு சேர 5 மணி.

அதே நாள் விடியற்காலை தாம்பரத்தில் வந்தே பாரத் ஏறிய அத்தை மகன் 2 மணிக்கெல்லாம் நாகர்கோவிலில் இறங்கி, மீன்குழம்புச் சோறு சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்துவிட்டான்! எழும்பூரில் 5 மணிக்குக் கிளம்புகிற வண்டி அது, ஒன்பது மணி நேரத்துக்குள் ஊர். ராத்திரியில் சென்னை வந்து இறங்குகிறவர்கள் எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரம்தான் பக்கம். புதன்கிழமை மட்டும் ஓடாது, அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

தூத்துக்குடியையும் சிலர் சொல்கிறார்கள். விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்திலிருந்து நெல்லை சுற்றி 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஆனால் திருவனந்தபுரம் ரோட்டு நெரிசல் அங்கே இல்லை, முப்பந்தல் காற்றாடிகளைப் பார்த்துக்கொண்டே வரலாம். மதுரை 240 கிலோமீட்டர். ராஜபாளையம் பக்கம் பெண் எடுத்தவர்களுக்கு வேண்டுமானால் சரிப்படும்.

ஆக தம்பிக்கு என் கணக்கு இதுதான். ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரத்துக்கே நேர் விமானம் இருக்கிறது, நாலு மணி நேரம். டிக்கெட் கொஞ்சம் கூட ஆகத்தான் செய்யும். ஆனால் சென்னையில் அறை வாடகை, டாக்சி, இரண்டாவது டிக்கெட், அதில் பெட்டி எடை கூடினால் கட்டுகிற காசு எல்லாம் சேர்த்துப் பாருங்கள். அம்மாவுக்கு வாங்கின மிக்சியைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வந்தவன் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு விஷயம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் திருவனந்தபுரத்தில் இறங்குகிறவர்கள் நாளையும் நேரத்தையும் இங்கே எழுதிப் போடுங்கள். போன வருஷம் ஒரே காலையில் மூன்று வீட்டுக்கு மூன்று கார் வந்து நின்றது. இரண்டு மணி நேர வித்தியாசத்துக்குள் வருகிறவர்களுக்கு ஒரே வேன் பேசிவிடலாம்.

தெற்கு வீட்டு அண்ணன்
தம்மாம்