இடது கையால் 73 அனுப்பினால் 28 என்று போகிறது

அரைகுறை_கீ:

வணக்கம். வலது கட்டைவிரலின் அடியில் கொஞ்ச நாளாகவே வலி இருந்தது. மருத்துவர் பட்டை போட்டுவிட்டு, ஆறு வாரம் அந்த விரலை அசைக்கவே கூடாது என்றுவிட்டார். ஆறு வாரம் சிடபிள்யூ (ரேடியோவில் மோர்ஸ் குறியீடு அனுப்புவது) இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னாலும் புரிந்திருக்காது.

அதனால் பேடிலை (இரண்டு இலைகளை விரலால் அழுத்தி மோர்ஸ் அனுப்பும் கருவி) தூக்கி ரேடியோவுக்கு இடப்பக்கம் வைத்தேன். வலது கையில் நிமிடத்துக்கு 22 வார்த்தை வரை சுத்தமாகப் போகும். இடது கையில் 8 வார்த்தைக்கே திணறுகிறேன். வேகம் போனால் போகட்டும், தொல்லை அது இல்லை. வலது கையில் எனக்குக் கட்டைவிரல் டிட் (புள்ளி), ஆள்காட்டி விரல் டா (கோடு). அதே பேடிலை இடது கைக்குக் கொடுத்தால் கட்டைவிரல் வலப்பக்க இலையில் போய் உட்காருகிறது, அதாவது டா. விரல்களுக்கு இது தெரியவில்லை. கவனம் சற்று நழுவினால் எல்லாம் தலைகீழ். ஏ அடிக்கப் போனால் என் ஆகிறது. எல் அடித்தால் ஒய், பி (P) அடித்தால் எக்ஸ்.

நேற்று ஒரு தொடர்பை முடிக்கும்போது 73, அதாவது வாழ்த்துகள், சொல்லி விடைபெற்றேன். சைடுடோனில் (நாம் அனுப்புவது நமக்கே கேட்கும் ஒலி) எனக்கே கேட்டது: 28. எதிர்முனைக்காரர் பெரிய மனது பண்ணி, அவரும் 28 என்றே பதில் அனுப்பினார். அப்படியானால் அதற்கு முன்பு நான் கொடுத்த 599 (சிக்னல் தரக் குறிப்பு) அவருக்கு 044 என்று போயிருக்குமோ என்று நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.

வயரை மாற்றி, இடது கட்டைவிரலுக்கே டிட்டைக் கொடுத்துவிடலாமா? அல்லது இப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு பழகலாமா? வேகத்தை எதில் வைப்பது? பட்டை கழன்ற பிறகு இந்தப் பழக்கம் எதற்காவது உதவுமா, இல்லை ஆறு வாரத்தோடு சரியா?

பழைய_ஸ்பிரிங்:

தம்பி, பேடிலை மூடி வைத்துவிட்டு ஒரு ஸ்ட்ரெய்ட் கீயை எடுங்கள். அதில் இடம் வலம் என்ற வழக்கே கிடையாது. ஒரே குமிழ், மேலும் கீழும். கணக்கு மட்டும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்: டிட் ஒன்று என்றால் டா மூன்று, எழுத்துக்கு நடுவே மூன்று, வார்த்தைக்கு நடுவே ஏழு.

ஒரு எச்சரிக்கை. மணிக்கட்டை விறைப்பாக வைத்துக்கொண்டு அடித்தால் இடது கைக்கும் பட்டை வரும். தந்தி அலுவலகக் காலத்தில் இதற்கு 'கண்ணாடிக் கை' என்றே பெயர். பிரிட்டனில் 1908-லேயே தந்தியாளர்களின் கைப்பிடிப்பை இழப்பீடு தர வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். பக்கவாட்டில் ஆட்டும் பக் கீ அந்த நாளில் வந்ததற்கும் இந்த வலி ஒரு காரணம். பக் கீ வாங்கலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். சாதாரண பக் கீ வலது கைக்குச் செய்தது, வயரை மாற்றித் திருப்பிவிட முடியாது. இடது கைக்குத் தனியாகச் செய்ததுதான் வேண்டும்.

இருகைக்காரன்:

நான் பிறவியில் வலக்கைக்காரன். போட்டிகளில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு பேடிலுக்குத் தாவுவது சலித்துப்போய் இடது கைக்கு மாறினேன், எட்டு வருடம் ஆகிறது. கடைசிக் கேள்விக்கு அதுவே பதில்: இடது கை அனுப்பும், வலது கை எழுதும்.

உங்கள் 28 கதையைப் படித்துச் சிரித்தேன், நானும் அந்த வழியில் வந்தவன்தான். டிட்டும் டாவும் இடம் மாறினால் எண்கள் எல்லாமே சரியாக ஐந்து தள்ளிப் போகும். 1 போய் 6, 2 போய் 7, 5 போய் 0. உங்கள் 599 சந்தேகமே இல்லாமல் 044 ஆகத்தான் போயிருக்கும். எழுத்திலும் ஜோடிகள் உண்டு: எஸ்ஸும் ஓவும், ஆரும் கேயும், டியும் டபிள்யூவும். சி, எச், வி, இசட் நான்கும் எந்த ஆங்கில எழுத்தாகவும் மாறாது. சி டி-டா-டி-டா என்று அந்தரத்தில் நிற்கும். நீங்கள் சிக்யூ (யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு) அழைத்து யாரும் வராததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்!

வயரை மாற்றுங்கள் என்பதே என் கட்சி. இரண்டு கையாலும் காற்றில் ஒரே நேரத்தில் வட்டம் போட்டுப் பாருங்கள், ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பமாகத்தான் சுழல விரும்பும். வலது கட்டைவிரல் செய்ததை இடது கட்டைவிரல் செய்வதே கைக்குச் சுலபம். கீயர் (பேடிலை அழுத்தினால் டிட், டாவைத் தானே உருவாக்கும் சுற்று) மெனுவில் ரிவர்ஸ் இருந்தால் ஒரு பொத்தானில் முடிந்தது. இல்லையென்றால் பிளக்கில் நுனிக்கும் நடு வளையத்துக்கும் போகும் வயர்களை இடம் மாற்றிப் பற்றவையுங்கள். நுனி டிட், வளையம் டா, மிச்சம் கிரவுண்ட்.

அடுத்தது வேகம். எல்லோரும் தவறு செய்வது இங்கேதான். கீயரை 8-இல் வைக்காதீர்கள். 8-இல் ஒரு டிட் 150 மில்லிசெகண்ட், டா 450. அவ்வளவு இழுத்தால் காதில் எழுத்தாகவே விழாது, தனித்தனியாக எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள். 16 அல்லது 18-இல் வைத்து, எழுத்துகளுக்கு நடுவே தாராளமாக நேரம் விடுங்கள். மோர்ஸ் உங்கள் காதுக்கு ஏற்கெனவே தெரியும், அதை வீணாக்காதீர்கள்.

18-இல் புது கைக்கு அழுத்துவது வரும், விடுவதுதான் வராது. எஸ் அடிக்க வேண்டுமானால் மூன்றாவது டிட் தொடங்கியதிலிருந்து நான்காவது தொடங்கும் வரை ஏறக்குறைய 133 மில்லிசெகண்ட். அதற்குள் விரல் விலக வேண்டும். தவறினால் எஸ் எச் ஆகும், எச் 5 ஆகும். அதனால் முதல் வாரம் முழுக்க நான் அடித்தது இவ்வளவே: ஈ, ஐ, எஸ், எச், 5, அதாவது ஒரு டிட்டிலிருந்து ஐந்து டிட் வரை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. அப்புறம் டீ, எம், ஓ. வீட்டில் இருந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

இரண்டு இலையையும் ஒன்றாகப் பிடித்து அழுத்துவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஐயாம்பிக் பி முறையில் விரலைத் தாமதமாக விட்டால் கீயர் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்து அனுப்பும். ஆர் அடித்தால் பின்னாலேயே ஒரு டா ஒட்டிக்கொண்டு வரும்.

மெதுநடை:

மேலே உள்ளவரோடு ஒரு விஷயத்தில் உடன்பட மாட்டேன். வயரை மாற்றிப் பழகினால் இன்னொருவர் ஸ்டேஷனில் உட்கார்ந்ததும் கை கால் ஓடாது. நான் மாற்றாமலே பழகினேன்: இடப்பக்க இலை எப்போதும் டிட், எந்தக் கை வந்தாலும். ஒரு மாதம் நரகம்தான், மறைக்கவில்லை. இன்று எந்த பேடிலிலும் எந்தக் கையாலும் உட்காருவேன்.

இருகைக்காரன்:

மெதுநடை சொல்வது நியாயம், அடிக்கடி வெளியே போய் இயக்குபவருக்கு. வீட்டிலேயே இருப்பவருக்கு இன்னொரு வழி: இரண்டு பேடில், ஒன்றில் வயர் மாற்றியது, இரண்டையும் ஒரே ஜாக்கில் இணையாகச் சேர்த்துவிடுவது. உள்ளே இருப்பது வெறும் தொடுமுனைகள்தான், கீயருக்கு வித்தியாசம் தெரியாது.

அரைகுறை_கீ:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வயரை மாற்றினேன். தலைகீழ்த் தொல்லை மூன்றாம் நாளே பாதி குறைந்தது. கீயரை 17-இல் வைத்து ஈ-ஐ-எஸ்-எச் ஏணி. நாளுக்கு இரண்டு முறை, பத்து நிமிடம், அதற்கு மேல் போனால் தோள் இறுகுகிறது.

நீங்கள் யாரும் சொல்லாத ஒன்றையும் கண்டுபிடித்தேன். இடது கை இலையை அழுத்துவதில்லை, குத்துகிறது. பேடில் மேசையில் நகர்ந்து நகர்ந்து மூன்றாவது சிக்யூவில் விளிம்புக்கே போய்விட்டது. அடியில் ரப்பர் விரிப்பு போட்டு, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கி, இடைவெளியை அதிகமாக்கினேன். முழங்கை முதல் மணிக்கட்டு வரை மேசையில் படுத்திருக்கும்படி பேடிலைச் சாய்த்து வைத்ததும் குத்து நின்றது.

என் அனுப்புதலைப் பதிவு செய்து மறுநாள் கேட்டேன். அடிக்கும்போது அழகாக இருந்தது, கேட்கும்போது எழுத்துகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு கிடந்தன. இப்போது அதோடுதான் சண்டை. 15 வார்த்தை போகிறது.

பட்டை அடுத்த வாரம் கழல்கிறது. வலது கையில் பேனாவைக் கட்டைவிரல் படாமல் பிடித்து, அனுப்பிக்கொண்டே எழுதியும் பார்த்தேன். இடது கை எதை அனுப்புகிறதோ அதையே வலது கை எழுதுகிறது. எதிர்முனைக்காரர் பெயருக்கான இடத்தில் என் பெயர். இதற்கு என்ன வழி?

இருகைக்காரன்:

எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும். முதலில் எழுத்து வேண்டாம். அனுப்பிக்கொண்டே தாளில் கோடு இழுங்கள், பிறகு வட்டம், பிறகு மணி எத்தனை என்று மட்டும். பெயரை எதிர்முனை அனுப்பும்போதே எழுதிவிடுங்கள், உங்கள் முறை வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். எனக்கு மூன்று மாதம் ஆனது.

பழைய_ஸ்பிரிங்:

பட்டை கழன்றதும் வலது கையை உடனே 22-க்கு ஓட்டிவிடாதீர்கள் தம்பி.