மூடிக் கிடக்கும் ஊர்க்கடையை மலர்ச்சாலையாக மாற்றலாமா?

கடைத்திண்ணை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் ஊர்ச் சந்தியில் மாமாவின் பலசரக்குக் கடை மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. மாமா கனடாவில் பிள்ளைகளோடு தங்கிவிட்டார், இனி வந்து கடை நடத்தப் போவதில்லை. "சும்மா கிடந்து இடிஞ்சு போகாமல் நீயே ஏதாவது செய்" என்று சாவியை என்னிடம் தந்துவிட்டார்.

நான் டவுனில் ஒரு மலர்ச்சாலையில், அதாவது பெட்டி முதல் எல்லாச் செத்த வீட்டு ஒழுங்கும் செய்து கொடுக்கிற இடத்தில், எட்டு வருடம் வேலை செய்தவன். பெட்டி தூக்குவதில் தொடங்கி, உடம்பு பழுதாகாமல் மருந்தேற்றி எம்பாம் செய்கிறவருக்குக் கைகொடுத்து, கடைசி இரண்டு வருடமும் செத்த வீடுகளுக்குப் போய்ப் பேசி எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து கொடுத்தது நான்தான். எங்கள் பக்கத்து நாலைந்து ஊருக்கும் ஒரு மலர்ச்சாலை இல்லை. இரவில் ஒரு சாவு விழுந்தால் டவுனுக்குத்தான் ஓட வேண்டும். அதனால் இந்தக் கடையிலேயே தொடங்கலாம் என்று யோசிக்கிறேன்.

கடை முன்பக்கம் 18 அடிக்கு 14 அடி. பின்னால் அரிசிச் சாக்கு அடுக்கிய அறை ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு பத்தி, ஒரு கக்கூஸ். முன்பக்கத்தில் பெட்டிகளும் விளக்குகளும் வைத்து, சாக்கு அறைக்கு மாபிள் பதித்து எம்பாம் அறையாக்கி, அதிலேயே இரண்டு குளிர்ப் பெட்டியும் வைப்பது என் திட்டம்.

பிரச்சினை என்னவென்றால், கடையில் இருந்து கூப்பிடு தூரத்தில் பிள்ளையார் கோயில். பின்மதிலுக்கு அங்கால ஒரு குடும்பத்தின் கிணறு. எதிரே வாசிகசாலை, பின்னேரத்தில் பெடியள் அங்கேதான் இருப்பார்கள். அம்மாவோ "தங்கச்சியின் கலியாணம் முடியட்டும், அதுக்குப் பிறகு என்னவும் செய்" என்று நிற்கிறா. கடை ஏற்கெனவே கடைதானே, வேறு அனுமதி வேண்டுமா? இப்படி ஊருக்குள் தொடங்கிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மதவடி எழுதியது:

தம்பி, நான் உள்ளூராட்சியில் தொழில்நுட்பப் பக்கம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள், "ஏற்கெனவே கடைதானே" என்ற பேச்சு பிரதேச சபையில் எடுபடாது. உங்கள் இடம் நகர அபிவிருத்தி அதிகாரசபைப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருந்தால், 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டப்படி, ஒரு கட்டடத்தைப் பயன்படுத்தும் நோக்கத்தை மாற்றுவதே அபிவிருத்தி வேலையில் சேர்த்திதான். ஒரு கல்லும் வைக்காமல் பலசரக்கை எடுத்துவிட்டுப் பெட்டியை வைத்தாலும் அனுமதி எடுக்க வேண்டும். பிரகடனத்துக்குள் வருகிறதா இல்லையா என்பதைப் பிரதேச சபையில் கேட்டால் சொல்வார்கள். அது ஒரு பக்கம். தொழிலுக்கான உரிமம் வேறு, அது 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்துக்கும் சபையின் துணைவிதிகளுக்கும் கீழே வரும். பி.எச்.ஐ., அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து பார்த்து எழுதாமல் ஒன்றும் நகராது. அதனால் பிளான் கீறுவதற்கு முன்னமே அவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். மாபிள் பதித்த பிறகு காட்டினால் உடைக்க வேண்டி வரும், நான் கண்டிருக்கிறேன்.

காணி உறுதி யாருடைய பெயரில்? மாமாவின் பெயரில் என்றால் சாவி மட்டும் போதாது, எழுத்தில் ஒரு குத்தகை உடன்படிக்கையோ, அவர் வெளிநாட்டில் இருப்பதால் அவருக்காக நீங்கள் கையெழுத்திட அதிகாரம் தருகிற ஒரு அற்றோணித் தத்துவமோ எடுத்து வையுங்கள். சொந்தத்துக்குள் என்று விடாதீர்கள்.

அப்புறம், விண்ணப்பத்தில் "மலர்ச்சாலை" என்று ஒரே சொல்லில் எழுதாதீர்கள். என்ன நடக்கும், என்ன நடக்காது என்று விரித்து எழுதுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அயலவர்கள் மனதில் வருவது பிரேதம்தான், முறைப்பாடும் அந்தப் பயத்தில்தான் வரும். 2017 இல் புத்தூர் மேற்கு கலைமதி கிராமத்துச் சனம் குடியிருப்புக்கு நடுவே இருந்த மயானத்துக்கு எதிராக நாட்கணக்கில் இருந்து போராடியது நினைவிருக்கும். அது எரிக்கிற இடம், உங்களுடையது வேறு, ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் சாவு வந்து நிற்பதைச் சனம் எவ்வளவு தாங்கும் என்பதை யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

பனங்கூடல் எழுதியது:

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், வடமராட்சியில். அனுமதியை மதவடி ஐயா வடிவாகச் சொல்லிவிட்டார். நான் அந்தச் சாக்கு அறையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் பிழை விடப்போவது அங்கேதான்.

எம்பாம் அறையைக் கடைக்குப் பின்னால் வைக்காதீர்கள்.

நீங்கள் கைகொடுத்தவர், உங்களுக்குத் தெரியும், ஒரு உடம்புக்கு உள்ளே போவது போமலின் கலந்த தண்ணீர், வெளியே வருவது இரத்தமும் கழுவிய தண்ணீரும். அது எங்கே போகும்? உங்களிடம் இருப்பது கக்கூஸ் குழி ஒன்று. அங்கால வீட்டுக் கிணறு எத்தனை அடி? கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இருக்க வேண்டும் என்பார்கள், சரி, ஆனால் நாங்கள் இருப்பது சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடித் தண்ணீர்தான், அந்தக் கல்லோ பொந்தும் வெடிப்புமாகக் கிடக்கிறது. மணலில் என்றால் தண்ணீர் மெல்ல வடிந்து கொஞ்சம் சுத்தமாகிப் போகும், கல்வெடிப்பில் விழுந்தது அப்படியே ஓடிப்போய் எந்த வீட்டுக் கிணற்றில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலத்தை மறந்துவிட்டோமா? போத்தல் தண்ணீருக்கும் பவுசருக்கும் சனம் வரிசையில் நின்றது. நாளைக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் மணத்தால் போதும், காரணம் நீங்களோ இல்லையோ, ஊர் உங்கள் கடையைத்தான் காட்டும். அந்த வீட்டுப் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் அது, அதை நீங்களும்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

போமலின் காற்றும் சின்ன விசயம் இல்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் 2004 இலேயே போமலினில் இருக்கிற போமல்டிகைட்டை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. ஒரு யன்னல் மட்டும் உள்ள சாக்கு அறையில், கண் எரிய எரிய, முகத்துக்குத் துவாய் கட்டிக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. நானும் அப்படித்தான் செய்தேன், இப்போது தூசு பட்டாலும் இருமல் நிற்பதில்லை. வயது இருக்கும்போதே கவனமாக இருங்கள் தம்பி.

ஒன்று யோசியுங்கள். எங்கள் ஊர்களில் செத்த வீடு மலர்ச்சாலையிலா நடக்கிறது? பெரும்பாலும் உடம்பை வீட்டுக்குத்தான் கொண்டுபோகிறோம். குளிப்பாட்டுவதும், சுண்ணம் இடிப்பதும், வாய்க்கரிசி போடுவதும், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பதும் வீட்டு முற்றத்தில்தான். அப்படியானால் ஊர்க்கடையில் உடம்பு எதற்கு? எம்பாமுக்கு டவுனில் முறையான இடம் வைத்திருக்கிற ஒருவரோடு பேசி, ஒரு உடம்புக்கு இவ்வளவு என்று ஒழுங்கு செய்யுங்கள். வாகனத்தில் ஏற்றிப் போய், முடித்து, நேரே வீட்டில் இறக்கலாம். குளிர்ப் பெட்டியையும் கடையில் சும்மா வைத்திருந்து, தேவைப்படும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுங்கள், கூடவே ஒரு சின்ன ஜெனரேட்டர். 2022 இல் கறண்ட் மணிக்கணக்காக நின்றபோது ஜெனரேட்டர் இல்லாமல் நாங்கள் பட்டபாடு சொல்லி முடியாது. கனடாவில் இருந்து மகன் வரும்வரை மூன்று நாள் வைத்திருக்க வேண்டிய உடம்பு அது.

செம்பருத்தி எழுதியது:

தம்பி, நான் தொழில் தெரிந்தவள் இல்லை, ஆனால் கோயில் விசயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் கோயில் எல்லைக்குள் பிரேதம் கிடந்தால் அதை எடுக்கும்வரை பூசை இல்லை. ஒருமுறை கொடியேறிய பிறகு தேருக்கு முதல்நாள் ஒரு பெரியவர் மோசம் போய்விட்டார். பிள்ளைகள் வெளிநாட்டில், காத்திருக்க வேண்டும் என்றார்கள், கோயிலடி ஆட்கள் விடியமுன் எடுங்கள் என்றார்கள். அந்த வீட்டு அம்மா யாரையும் ஒன்றும் கேட்காமல் தலைமாட்டில் இருந்து விசிறிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வீட்டில் விழுந்த சாவுக்கே அப்படி என்றால், கோயிலுக்குக் கிட்ட ஒரு கடையில் வாரம் முழுக்க யாரோ ஒருவருடைய உடம்பு இருந்தால் ஐயர் எப்போது நடை திறப்பார்? பனங்கூடல் சொன்னதுதான் சரி. உடம்பு வராது என்று முதலே பரிபாலன சபையிடம் நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள். மற்றவர் வாயால் கேள்விப்பட்டால் அவர்கள் மனம் வேறு மாதிரிப் போய்விடும்.

ஆனால் இந்த யோசனையை விட்டுவிடாதீர்கள். எங்கள் அம்மா இரவு இரண்டு மணிக்குப் போனா. வீட்டில் நானும் மகளும் மட்டும். வைத்தியசாலையில் என்றால் அவர்களே கடுதாசி தருவார்கள், வீட்டில் போனால் கிராம அலுவலரிடம் அறிக்கை எடுத்துப் பதிவாளரிடம் போக வேண்டும் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. டவுனில் ஒரு இடத்துக்குப் போன் எடுத்தேன், பெட்டி விலையைத்தான் முதலில் சொன்னார்கள், அதுவும் மூன்று விலை, எது வேண்டும் என்று உடனே கேட்டார்கள். அம்மாவின் கை அப்போது இன்னும் முழுக்கக் குளிரவில்லை. அந்த நேரத்தில் ஊர்ப் பெடியன் ஒருவன் சைக்கிளில் வந்து, "அக்கா, நீங்கள் இருங்கோ, நான் பார்க்கிறேன்" என்று சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். நீங்கள் அந்தப் பெடியனாக இருங்கள்.

உங்கள் அம்மாவின் பயமும் வெறும் பயம் இல்லை. சாவு வேலை செய்கிறவர்களை ஒதுக்கிவைத்துப் பழகிய ஊர் எங்களுடையது. அது பிழை என்று எல்லோருக்கும் தெரியும், சம்பந்தம் பேசும்போது மட்டும் மறந்துவிடுவார்கள். தங்கச்சியோடு நேரே கதையுங்கள். அவவே "செய்யுங்கோ அண்ணா" என்று சொன்னால் அம்மா இறங்கி வருவா.

தேம்ஸ்கரை எழுதியது:

இலண்டனில் இருந்து எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருக்கும் தெருவில் ரொட்டிக் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் ஒரு இறுதிச்சடங்கு நிலையம் இருக்கிறது, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பூச்சாடி, ஒரு மேசை, இரண்டு கதிரை, அவ்வளவுதான். இங்கிலாந்தில் 1987 ஆம் ஆண்டின் பயன்பாட்டு வகுப்பு ஆணை சாதாரணக் கடையையும் இறுதிச்சடங்கு நடத்துகிறவரின் இடத்தையும் ஒரே வகுப்பில் வைத்தது. அதனால் மூடிய கடையை அப்படி மாற்றுவதற்குப் பயன்பாட்டு மாற்ற அனுமதியே தேவைப்படவில்லை. 2020 செப்டெம்பரில் அந்த வகுப்புகளைத் திரும்ப எழுதினார்கள். நம் ஊரில் அந்தச் சட்டம் இல்லை, யாராவது "வெளிநாட்டில் அனுமதி தேவையில்லையே" என்று சொன்னால் அதை நம்பி இறங்க வேண்டாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். எடுக்கக்கூடியது அந்த முன்பக்கம். இங்கே கடைக் கண்ணாடியில் பெட்டியை வைப்பதில்லை. வாசிகசாலைப் பெடியளும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் பார்க்கிற பக்கத்தில் நீங்களும் வைக்காதீர்கள். ஒரு மேசையும் தண்ணீரும் போதும்.

பனங்கூடல் எழுதியது:

அதோடு ஒன்று, மரண உதவிச் சங்கம் உங்கள் ஊரில் இருக்கிறதா? கதிரையும் தகரப் பந்தலும் அவர்களிடமோ சனசமூக நிலையத்திடமோ இருந்தால் நீங்கள் புதிதாக வாங்கிப் போட்டிக்கு நிற்காதீர்கள், அது அவர்களுக்கு வருகிற காசு. பெட்டி, வாகனம், கிரியைச் சாமான் மட்டும் நீங்கள் பாருங்கள். வெள்ளை வேட்டி, நெய், பந்தம், கொள்ளிக்குடம், உரல் உலக்கை எல்லாவற்றையும் ஒரே பொதியாக வைத்திருந்தால் இரவில் யாரும் ஓட வேண்டாம். வேதக்காரர் வீடுகளும் இருந்தால் சிலுவை போட்ட பெட்டி ஒன்றும் மெழுகுதிரித் தாங்கியும் வையுங்கள், சேமக்காலைக்குக் குழி வெட்டுகிறவரின் போன் நம்பரும் கையில் இருக்கட்டும். பெட்டிகளை நிலத்தில் வைக்காதீர்கள், சீமெந்துக் கட்டையில் ஏற்றி வையுங்கள், கறையான் ஒரு மாரிக்குள் அடியைத் தின்றுவிடும்.

கடைத்திண்ணை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். நேற்றுப் பின்னேரம் நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். என் கக்கூஸ் குழிக்கும் அந்த வீட்டுக் கிணற்றுக்கும் 38 அடிதான். எம்பாம் அறை இல்லை, முடிவு. நான் வேலை செய்த இடத்து எம்பாம் அண்ணரிடம் கேட்டேன், டவுனில் தன்னுடைய இடத்திலேயே செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தங்கச்சியோடு கதைத்தேன். "செத்த வீட்டுக்கு உதவி செய்கிறவனின் தங்கச்சி வேண்டாம் என்கிற வீட்டுக்கு நான் போகவே மாட்டேன்" என்றாள். அம்மா ஒன்றும் பேசவில்லை, ஆனால் இன்று காலையில் கடையைக் கூட்ட விளக்குமாறும் வாளியும் எடுத்துக்கொண்டு அவவும் வந்தா.

சாக்கு அறையில் பெட்டிகள், முன்னால் மாமாவின் பழைய மேசை. முன்பக்கத்துப் பலகைக் கதவை மாற்றி ஷட்டர் போட நினைத்திருந்தேன், இப்போது வேண்டாம் என்று இருக்கிறது. பதினொரு பலகை, ஒவ்வொன்றிலும் மாமா வெள்ளைப் பெயின்டால் இலக்கம் எழுதியிருக்கிறார், நாலைக் கழற்றினால் போதும், ஆறரை அடிப் பெட்டி திருப்பாமல் நேரே வெளியே வரும். 7 ஆம் பலகை மட்டும் கீழே உக்கிப் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை பி.எச்.ஐ. வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், அதற்குள் அந்தப் பலகையைச் செய்து தரக்கூடிய தச்சு வேலைகாரர் யாரையாவது மருதனார்மடப் பக்கம் தெரிந்தால் தனிமடலில் சொல்லுங்கள்.