முதல் பஸ் பத்தரைக்கு

வாட்ஸ்அப் குழு: மேலத்தெரு சொந்தங்கள்

டெய்லர் அக்கா (11:52): அப்பத்தா இன்று பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்துவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறது, யாரும் பயப்பட வேண்டாம்.

திருப்பூர் தம்பி (11:54): ஐயோ, என்னக்கா ஆச்சு?

டெய்லர் அக்கா (11:59): சுகர் டெஸ்ட்டுக்கு உசிலம்பட்டி கிளம்பினோம். வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள் என்று ராத்திரி ஏழரைக்கே சாப்பிட்டுப் படுத்துவிட்டது. காலையில் பச்சைத் தண்ணீர்தான். ஆனால் மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டிருக்கிறது. நமக்கு முதல் பஸ்ஸே பத்தரைக்கு. பத்து மணிக்குப் புளியமரத்தடியில் நிற்கும்போதே "கை நடுங்குதுத்தா" என்றது. முந்தானையெல்லாம் வியர்வை. அப்படியே சரிந்துவிட்டது.

டீக்கடை மாமா (12:01): கண்ணைத் திறந்து நிமிர்ந்து உட்கார்ந்ததும் டீயில் நாலு கரண்டி சர்க்கரை போட்டு ஆற்றிக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் "என் பை எங்கப்பா" என்று கேட்டது. அப்புறம்தான் எனக்கு உயிர் வந்தது.

நர்ஸ் அக்கா (12:10): மாமா செய்தது சரி. அது லோ சுகர். நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ், எது கையில் இருக்கிறதோ உடனே கொடுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள். வெறும் வயிற்று டெஸ்ட் அன்று சுகர் மாத்திரையைப் போடாமல் கையில் கொண்டு போங்கள், ரத்தம் எடுத்த பிறகு சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளலாம். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

வாத்தியார் ஐயா (12:16): அந்த டெஸ்ட்டுக்கு எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும். நம் பஸ்ஸை நம்பிப் போனால் பதினாறு மணி நேரம் ஆகிறது. வயசான உடம்பு எப்படித் தாங்கும்?

திருப்பூர் தம்பி (12:18): நம் ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரி கேட்டால் என்ன ஐயா?

வாத்தியார் ஐயா (12:27): கேட்கலாம் தம்பி. ஆனால் சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. மலைப்பகுதி என்றால் 20,000, 3,000. நாம் அடிவாரத்தில் கிடந்தாலும் காகிதத்தில் சமவெளி. நம் ஊரில் ஓட்டே இருநூற்றுச் சொச்சம். கட்டடம் கேட்டு எத்தனை வருஷம் நடப்பது? காலை ஏழு மணிக்கு ஒரே ஒரு டிரிப் கேட்போம்.

டெய்லர் அக்கா (12:30): ஆமாம் ஐயா. 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, காசு ஒரு தடையே இல்லை. நேரம்தான். ஆட்டோவுக்கு 400 ரூபாய் கேட்கிறார்கள், அது எனக்கு ஒரு நாள் தையல் கூலி.

நர்ஸ் அக்கா (12:36): மாத்திரைக்காக யாரும் அலைய வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்தபிறகு பிபி, சுகர் மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறோம். ஆனால் கண், கால், சிறுநீரகம் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அப்பத்தா போன மாதம் காலில் முள் ஏறியதே தெரியாமல் தோட்டத்துக்குப் போய் வந்தது. செருப்பில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் முள்ளை எடுத்தேன். உணர்ச்சி குறைந்த காலை அப்படியே விட்டால் விரலை இழக்க வேண்டியிருக்கும்.

வாத்தியார் ஐயா (12:41): சரி, மனு நான் எழுதுகிறேன். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுப்போம். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகவும் போடுவோம். யார் வீட்டில் சுகர், பிபி, கர்ப்பிணி, டயாலிசிஸ் என்று இங்கேயே எழுதுங்கள். இத்தனை பேர் என்று எண்ணிக்கையோடு போனால்தான் பேச்சு எடுபடும்.

டீக்கடை மாமா (12:42): என் வீட்டில் இரண்டு சுகர்.

திருப்பூர் தம்பி (12:43): அம்மாவுக்கு பிபி. திங்கள்கிழமை லீவு போட்டு நானும் வருகிறேன்.

டெய்லர் அக்கா (12:50): அப்பத்தா பக்கத்தில்தான் இருக்கிறது. நாளைக்கு டெஸ்ட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்கிறது.

பால்வண்டி அண்ணன் (12:52): ஆறரைக்கு உசிலம்பட்டிக்குத்தான் போகிறேன். முன்சீட்டில் உட்கார வையுங்கள், ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிடுகிறேன்.

நர்ஸ் அக்கா (12:53): தூக்குவாளியில் நாலு இட்லி போட்டுக் கொடுத்துவிடு. மாத்திரையும் அதோடயே இருக்கட்டும்.